ஆணைப்போல வாசித்தவர்

1964இல் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை அமெரிக்கத் தென்மாநில நிலையம்போல ஜோடித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். ஒரு நடைமேடையில் இங்கிலாந்து இளைஞர்கள். எதிர் நடைமேடைக்குக் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப். ஐம்பதை நெருங்கும் கறுப்பினப் பெண். கனத்த மேலங்கி, வெள்ளை எலெக்ட்ரிக் கிதார். மழை பெய்து நனைந்த இடம் என்பதால் மழையைப் பாடும் பக்திப் பாடலையே எடுத்துக்கொள்கிறார். நடுவில் குரல் நிற்கிறது, கிதார் தனியாகப் பேசத் தொடங்குகிறது. அந்தச் சில நொடிகளுக்காகவே இப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

'ஆணைப்போல வாசிக்கிறார்' என்பது அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த பாராட்டு. 1915இல் அர்கன்சாவில் பிறந்த அவர் குழந்தையாகக் கேட்டு வளர்ந்ததோ, மாண்டலின் வாசித்துப் பிரசங்கம் செய்த தன் தாய் கேட்டி பெல் நூபினின் இசையை. இதில் எந்த ஆணைப்போல?

1938இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடினார். காட்டன் கிளப்பிலும் பாடினார். குடித்துக் கும்மாளமிடுவோர் முன் தேவனுடைய பாட்டா என்று சபையார் கொதித்தார்கள். அவர் இரண்டு இடங்களையும் விடவில்லை.

1951இல் வாஷிங்டனின் பேஸ்பால் மைதானத்தில் நடந்த அவருடைய மூன்றாம் திருமணத்துக்கு டிக்கெட் விற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வந்தார்கள். மணக்கோலத்திலேயே கிதாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். மலிவான வியாபாரம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாண மேடையில் மணப்பெண் தலைகுனிந்து நிற்க வேண்டிய நேரத்தில் இவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை.

1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை.

இப்போது அவரை 'ராக் அன் ரோலின் தாய்' என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், எனக்கு உறுத்துகிறது. அன்று ஆண், இன்று தாய். கிதார் கலைஞர் என்ற சாதாரணச் சொல் மட்டும் யார் வாயிலும் வர மறுக்கிறது. தாய் என்றதும் பேச்சு பிள்ளைகளிடம் போய்விடுகிறது: எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட். 1986இல் 'ராக் அன் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' முதன்முதலாகக் கௌரவித்தவர்களில் இம்மூவரும் உண்டு. ஒரு பெண்கூட இல்லை. ரோஸெட்டாவின் முறை 2018இல் வந்தது. அப்போதும் கலைஞர்கள் வரிசையில் அல்ல, 'தொடக்ககாலத் தாக்கம்' என்ற தனிப்பிரிவில்.