பன்னிரண்டு அங்குலம் இறங்கும் பல்

அறுபட்ட முகத்தைப் பார்த்தே அறுத்த கருவி எதுவென்று சொல்லிவிடலாம். திருவையாற்றிலோ கும்பகோணத்திலோ பழைய ஓட்டு வீடு ஒன்றின் பரணில் ஏறி, விட்டத்தின் பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். கூடத்திலிருந்து கண்ணில் படுகிற முகங்களை இழைப்புளி வழவழப்பாக்கியிருக்கும். பரண் பக்கத்து முகத்தை யாரும் இழைத்திருக்க மாட்டார்கள். அங்கே அலையலையாகக் குழிகள் தெரிந்தால் வாய்ச்சியால் செதுக்கியது. சாய்வான கோடுகள் ஓடி, நாலு விரற்கடைக்கு ஒருதரம் அந்தச் சாய்வு மாறிக்கொண்டே போனால் ஆள் வாள். குழிக்கு மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று இழுத்தது. கீழே நின்றவர் களைத்துப்போன இடத்தில் கோடு கொஞ்சம் தடுமாறியிருக்கும். கோடுகள் நேராக, ஒரே இடைவெளியில் ஓடினால் மில்லில் பேண்ட் சா அறுத்தது. வில் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம்.

இவை எதிலும் சேராத ஒரு முகத்தைக் கும்பகோணத்துக்கு வெளியே ஒரு மரவாடியில் பார்த்தேன். பத்தங்குலச் சதுர இலுப்பைச் சட்டம், ஒரு கிராமத்துக் கோயில் தேரின் அடிப்பாருக்காக முனை அறுத்துக் கிடந்தது. மேல் விளிம்பு நேராக, ஒரு சிம்புகூட இல்லாமல் இருந்தது. அதற்குக் கீழே முகம் முழுக்கச் செங்குத்தான முரட்டுக் கோடுகள். அவை செயின் ரம்பம் இழுத்த கோடுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் செயின் ரம்பத்தைக் கையில் தூக்கிப் பிடித்து அறுக்கிற எவருக்கும் அப்படி ஒரு விளிம்பு வாய்ப்பதில்லை.

அறுத்தவர் வளைகுடா நாட்டில் சில வருஷம் தச்சு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர். அவர் கையில் இருந்தது சாதாரண வட்ட ரம்ப மெஷின்தான். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓரடி நீளத்துக்கு ஒரு செயின் பட்டை தொங்கியது. பக்கத்தில் நின்ற பெரிய ஆசாரி அவருக்குத் தாய்மாமன்.

“மூலைமட்டத்த வையிடா மாப்ள.”

“நீங்களே வச்சுப் பாருங்க மாமா.”

வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் புகுகிறதா என்று பார்த்தார். “அடியில அரை நூல் ஓடியிருக்கு” என்றார். தச்சுக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். பத்தங்குல ஆழத்துக்கு அரை நூல் என்பது கைவாளால் அறுக்கிற நல்ல ஆசாரியே பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய பிசகு. பெரியவர் பெருமைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு வட்ட ரம்பத்தின் குறையைச் சொல்ல வேண்டும். தட்டு எவ்வளவு பெரிதானாலும் அதன் பாதிக்கு மேல் மரத்துக்குள் இறங்காது. நடுவில் அச்சு இருக்கிறது, அச்சுக்குப் பக்கத்தில் மோட்டார் உடம்பு தடுக்கிறது. உலகெங்கும் தச்சர்கள் வைத்திருக்கிற ஏழேகால் அங்குலத் தட்டு சுமார் இரண்டரை அங்குலம்தான் இறங்கும். கதவு நிலைக்கும் கட்டில் சட்டத்துக்கும் அது தாராளம். பத்தங்குலச் சட்டத்தில் நான்கு முகத்திலும் சுற்றிச் சுற்றி அறுத்தாலும் நடுவே ஐந்தங்குலச் சதுரத்துக்கு ஒரு கரு மிஞ்சி நிற்கும். அதைக் கைவாளால்தான் அறுக்க வேண்டும். நான்கு முகத்து வெட்டும் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் சேர்ந்தால் சரி. பெரும்பாலும் சேராது, முகத்தில் படி விழும். அந்தப் படியை உளியால் செதுக்கித் தட்டையாக்குவதற்குள் அரை நாள் போய்விடும். ஜப்பானில் பதினாறு அங்குலத் தட்டுப் போட்ட மெஷினே வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆறங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஜெர்மனியின் மாஃபெல் நிறுவனம் சட்டம் அறுக்கவென்றே செயின் மெஷின் செய்கிறது. விலை நம்மூர் ஆசாரி எவருக்கும் எட்டாது.

அமெரிக்காவில் பிராஸி என்ற நிறுவனம் செய்தது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிக்கனமான வழி. இருக்கிற வட்ட ரம்பத்தின் தட்டைக் கழற்று, அந்த அச்சிலேயே ஒரு பல் சக்கரத்தை மாட்டு, பன்னிரண்டு அங்குலப் பட்டையைச் சேர்த்து முடுக்கு. அவ்வளவுதான். நான் இதில் ரசிப்பது புதிதாகச் சேர்த்ததை அல்ல, கழற்றாமல் விட்டதைத்தான். மெஷினின் அடித்தட்டு அப்படியே இருக்கிறது. மரத்தின் மேல் சப்பென்று உட்கார்ந்து, சட்டத்தோடு ஒட்டிப் பிடித்த பலகையில் உரசிக்கொண்டு நேராக நகர்கிற அந்தத் தட்டைத்தான் சொல்கிறேன். செயின் ரம்பத்துக்கு ஆழம் உண்டு, அடக்கம் கிடையாது. வட்ட ரம்பத்துக்கு அடக்கம் உண்டு, ஆழம் இல்லை. அடித்தட்டைச் சாய்த்தால் பட்டையும் சாய்கிறது. கூரைக் கை மரத்துக்குச் சாய்வு முனை வேண்டுமென்றாலும் ஒரே இழுப்பு.

இந்த இரண்டு ரம்பங்களுக்கும் உள்ள பூர்வீகம் டெல்டாக்காரர்களுக்குப் பிடிக்கும். கைக்கு அடக்கமான வட்ட ரம்பம் கரும்புக் கொல்லையில் பிறந்தது. 1920-களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் மிஷெல், கூலிகள் அரிவாளை ஓங்கி ஓங்கிக் கரும்பு வெட்டுவதைப் பார்த்துவிட்டு, பால் கலக்குகிற இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி அரிவாளோடு பூட்டிப் பார்த்தார். கரும்புக்கு அது ஆகவில்லை, மரத்துக்கு ஆயிற்று. 1924-ல் அதற்கென்று கம்பெனியே தொடங்கினார்கள். இன்றைய ஸ்கில்சாவின் மூலம் அதுதான். செயின் பல்லின் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1946-ல் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, கோடரியால் பிளந்த ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்றுகொண்டு போவதைக் கவனித்தார். ரேகைக்கு நெடுக்கும் குறுக்கும் ஒரே சுலபத்தில் போயிற்று, இடத் தாடையும் வலத் தாடையும் மாறி மாறிக் கடித்தன. அதையே எஃகில் செய்தார். இன்றைக்கும் செயினில் ஒரு பல் இடப்பக்கம், ஒரு பல் வலப்பக்கம் என்று மாறி மாறித்தான் வரும். நம் தென்னந்தோப்புகளில் வண்டு குடைவதை நாமும்தான் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மருந்து வைக்க மட்டுமே தோன்றியது.

டெல்டாவில் தடித்த சட்டம் என்றாலே தேர்தான். வீட்டு விட்டங்களின் காலம் கான்கிரீட்டோடு முடிந்துபோனது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூதப்பாரிலிருந்து உறுதலம், நடகாசனம், தேவாசனம் என்று ஏறுகிற உடம்பு மரம்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதுத் தேர் செய்து, சுமார் நூறு வருஷத்துக்குப் பிறகு 2015 ஏப்ரலில் ராஜவீதிகளில் ஓடவிட்டார்கள். ஊர் ஊராகச் சின்னத் தேர்களுக்கும் பழுதுபார்ப்பு நடந்தபடியே இருக்கிறது. அடிப்பாருக்குப் போடுகிற சட்டம் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆள் புரட்டுகிற கனம். இலுப்பையைத் தேடுவது அதன் கனத்துக்கும் உறுதிக்கும்தான். அந்தக் கனமே அதை மில்லுக்குக் கொண்டுபோகவிடாமல் தடுக்கிறது. மில்லில் மரம் ரம்பத்திடம் போக வேண்டும். தேர்க் கொட்டகையில் கூட்டிப் பார்த்து, இந்த முனையில் ஓரங்குலம் எடுத்தால்தான் பொருந்தும் என்று தெரிந்த பிறகு, மறுபடி லாரி ஏற்றி மில்லுக்கு அனுப்புவார் யார்? ரம்பம் மரத்திடம் வர வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆலை இல்லாத கொட்டகையில் இலுப்பையை அறுக்க இந்தப் பட்டைதான் சர்க்கரை.

சர்க்கரை என்றதும் இனிப்பு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர் கண்டுபிடித்த அந்த அரை நூலுக்கு வருவோம். கருவியின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. மேலே கோட்டைக் காப்பது அடித்தட்டு. அடியில் பத்தங்குல ஆழத்தில் அதற்கு அதிகாரம் இல்லை. பட்டை மெல்லியது, வளையும். இடப்பக்கத்துப் பற்கள் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் கூர் அதிகமான பக்கத்துக்குப் பட்டை ஓடிவிடும். மேலே கோடு நூல் பிடித்த மாதிரி இருக்க, அடியில் தன்போக்கில் போயிருக்கும். ஆகவே அடிக்கோட்டைக் காப்பது அரம். ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கை இழுப்பில் ராவ வேண்டும். குறுக்கே அறுக்கிற பல்லுக்கு முப்பது பாகைச் சாய்வு, நெடுக்கே அறுக்க வேண்டுமென்றால் பத்துப் பாகை. கைவாளுக்கு அரம் போடத் தெரிந்த கையால்தான் இதையும் ராவ முடிகிறது. அந்த இளைஞர் ராவியதை நின்று பார்த்தேன், மெஷின் ஓடியதைவிட அது எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. எந்தப் பல்லிலிருந்து தொடங்கினோம் என்பதற்குச் சாக்பீஸ் அடையாளம் வைத்துக்கொண்டு, ஒரு பக்கப் பற்களை முழுக்க முடித்துவிட்டு, மெஷினைத் திருப்பி மறுபக்கத்துக்கு வந்தார்.

மரத்துக்கு மரம் பல் படுகிற பாடு வேறு. தேக்குக்குள் மணல்தன்மை உண்டு, கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். பலா பால் வைத்துச் செயினை ஒட்டவைக்கும். தஞ்சை வீணைக்குப் பலாக்கட்டை அறுக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். தென்னையோ வெளியே இரும்பு, உள்ளே சக்கை. பல் வெளிவளையத்தில் திணறிவிட்டு உள்ளே பாய்ந்து ஓடும், கை சுதாரிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த இலுப்பை இறுகலாக இருந்தாலும் நியாயமான மரம், அவசரப்படுத்தாத வரையில் கோட்டை விட்டு இழுப்பதில்லை. வட்ட ரம்பம் போலவே இதிலும் பல் கீழிருந்து மேலே ஏறி வெளியேறுவதால் சிம்பு மேல் விளிம்பில்தான் கிளம்பும். அதற்காகத்தான் அறுக்குமுன் கோட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறிக்கொள்வது. நான் பார்த்து மயங்கிய அந்த விளிம்பு பாதி ரம்பத்தின் வேலை, பாதி கத்தியின் வேலை.

எண்ணெயும் கையால்தான் விட வேண்டும். தானாக எண்ணெய் கசியவிடும் ஏற்பாடு செயின் ரம்பத்தில் உண்டு, இதில் இல்லை. வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமி ஏறப்போகிற மரத்தில் கறுப்புக் கறை ஊறுவதைப் பார்க்கச் சகிக்காது. விளக்கெண்ணெய் போதும், நல்ல கெட்டி, கறையும் இல்லை. அமெரிக்க மெஷினாக இருந்தால் 120 வோல்ட், இடையில் மின்மாற்றி வைக்க வேண்டும். நம்மூர் மெஷினாக இருந்தாலும் கொட்டகைக்கு நீளமாக ஒயர் இழுத்து, அந்தி நேரத்து மங்கல் கரண்டில் பன்னிரண்டு அங்குலப் பட்டையை மரத்துக்குள் திணித்தால் மோட்டார் புகையும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு, அதுவரை செயின் ரம்பத்தைத் தொட்டறியாத கைகளெல்லாம் அதைப் பழகின. அந்தப் பழக்கத்தோடு கூடவே வந்தது ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற மலிவுச் செயின் பட்டை. வட்ட ரம்பத்தில் மாட்டுகிற பட்டையையும் அதையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சின்ன கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றுகிறது, வட்ட ரம்பம் அதில் பாதி. கிரைண்டருக்கு மரத்தின் மேல் உட்கார அடித்தட்டே இல்லை. பட்டையின் மூக்கு எதிலாவது பட்டால் மொத்தமும் முகத்தை நோக்கி எழும்பும். அதை வாங்காதீர்கள். வட்ட ரம்பத்தில் மாட்டியதுகூடச் சாது இல்லை. நல்ல செயின் ரம்பத்தில் இருக்கிற பிரேக் இதில் கிடையாது, விசையை விட்ட பிறகும் செயின் சற்று நேரம் ஓடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு இதைத் தொடவே கூடாது. அந்த இளைஞர் பேண்ட் போட்டிருந்தார், பெரியவர் துண்டைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டுத்தான் கிட்டே வந்தார்.

எல்லா வேலைக்கும் இது ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செயின் தின்கிற அகலம் ஆறு ஏழு மில்லிமீட்டர், வட்டத் தட்டு தின்பது இரண்டு மில்லிமீட்டர்தான். முனையைக் குறுக்கே அறுக்கும்போது அது ஒரு கைப்பிடித் தூள், பொருட்டில்லை. நெடுக்கே அறுத்து அங்குலப் பலகை எடுக்கத் துணிந்தால் மரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தூளாகப் போய்விடும். இன்றைக்கு இலுப்பை கிடைக்கிற அருமைக்கு அது பாவம். பலகைக்கு மில்லுக்குத்தான் போக வேண்டும். யாளியும் பூதமும் செதுக்கப்போகிற முகத்துக்குப் பக்கத்திலும் இதைக் கொண்டுபோகக் கூடாது. நாக்கும் துளையுமாகப் பொருந்துகிற இணைப்பில் நாக்கின் தோளை இதனால் அறுக்கலாம், கன்னத்தை உளியால்தான் எடுக்க வேண்டும். பெரியவர் அப்படித்தான் செய்தார். மருமகன் அறுத்துக் கொடுத்த முனையில் கொட்டாப்புளியும் அகல உளியுமாக உட்கார்ந்து, அந்த அரை நூலையும் முதலில் சீவி எடுத்துவிட்டே மற்றதைத் தொடங்கினார்.

தேருக்கு வேண்டிய ஒன்றை மட்டும் முழுக்க முழுக்க இந்தக் கருவியிடமே ஒப்படைக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அது முட்டுக்கட்டை. சக்கரத்துக்கு அடியில் செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் பயன்படுகிற அந்தச் சாய்வுக் கட்டைகள் ஒரு தேரோட்டத்திலேயே நசுங்கிச் சிதைந்துபோகும், வருஷா வருஷம் புதிதாக அறுக்க வேண்டும். அடித்தட்டை ஒருதரம் சாய்த்து வைத்துக்கொண்டால் கட்டைக்குக் கட்டை ஒரே சாய்வு வரும். இழைக்கவும் வேண்டாம், செயின் போட்ட அந்த முரட்டுக் கோடுகள் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளத் தோதானவை. மரவாடியின் மூலையில் அப்படிப் பத்துப் பதினைந்து கட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன், எதுவும் துருத்தவில்லை.