ள அல்லாத ள

எழுத்தின் உறுப்புக்கே பொருள் உண்டு என்கிற நம்பிக்கை நவீன கவிதைக்குள் பவுண்ட் வழியாக வந்தது. ஃபெனலோஸா விட்டுச்சென்ற சீன எழுத்து பற்றிய கட்டுரையைப் பவுண்ட் செப்பனிட்டு 1919இல் 'லிட்டில் ரிவ்யூ'வில் வெளியிட்டார் (அதுவும் சிற்றிதழ்தான்). சீன எழுத்தின் உறுப்புகள் சித்திரங்கள். சித்திரங்கள் ஒன்றோடொன்று சேரும்போது அர்த்தம் பிறக்கிறது என்பது வாதம். கவிதைக்கு இதனால் லாபம். ஆனால் விஷயம் அப்படி இல்லை. சீன எழுத்துக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஓர் உறுப்பு பொருளின் வகையைக் காட்டும். மற்றது ஒலியைக் காட்டுவதோடு சரி. உருவமும் ஏமாற்றும். ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துக்களின் இடப்பக்கத்தில் இருப்பது பார்வைக்கு நிலா. உண்மையில் அது இறைச்சி. எழுதி எழுதி இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன.

நம் ஔகாரத்தில் நடந்திருப்பதும் இதுதான். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் சேலையூர் தாண்டுவதற்குள் கடைப் பலகைகளில் ஒரே பெயரை மூன்று விதமாகப் பார்க்கிறேன்: கௌரி, கெளரி, கவுரி. நடுவில் இருப்பதில் முழு ளகரம் உட்கார்ந்திருக்கிறது. ஓவியரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்கு அது ளகரமேதான். ஆனால் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் உறவில்லை. மலையாளத்தில் ஏறக்குறைய இதே குறி இருக்கிறது. அவர்களுடைய ளகரமோ வேறு வடிவம். அதனால் அங்கே குழப்பமில்லை. யூனிகோடும் இந்தக் குறிக்குத் தனி எண் கொடுத்திருக்கிறது.

கொம்பும் காலும் இதைவிடப் பழையவை. பிராமியில் ககரத்தின் வலப்பக்கம் ஒரு சிறு கோடு இட்டால் கா, இடப்பக்கம் இட்டால் கெ, இரண்டு பக்கமும் இட்டால் கொ. இன்று நாம் எழுதும் 'கொ'வில் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்த இரண்டு கோடுகளும் பக்கம் மாறவில்லை. ஐகாரத்துக்கு இடப்பக்கமே இரண்டு கோடு. பிறகு அது இரட்டைக் கொம்பாயிற்று. மலையாளத்தில் இன்னும் இரண்டாகவே நிற்கிறது, தமிழில் ஒன்றாகப் பிணைந்துவிட்டது. ணை, லை, ளை, னை நான்கில் மட்டும் எழுத்தின் தலையோடு ஒட்டித் தும்பிக்கையாக வளைந்தது. சேலையூரையும் அப்படித்தான் எழுதினார்கள். 1935இல் பெரியார் தம் பத்திரிகையில் கைவிட்ட இந்த வடிவங்களை 1978 அக்டோபரில் அரசாணை எல்லோருக்குமாகக் கைவிட்டது. மொத்தம் 13 எழுத்துக்கள். ஐயை அய் என்றும் ஔவை அவ் என்றும் எழுதலாம் என்ற அவருடைய யோசனையை அரசு ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

தும்பிக்கை போனதற்காக வருந்துகிறவர்கள் அதில் யானையைப் பார்த்தவர்கள். அந்த நான்கு எழுத்துக்களும் இடப்பக்கச் சுழியில் தொடங்குகின்றன. எழுத்தாணியைத் தூக்காமல் ஒரு சுழியிலிருந்து அடுத்ததற்குப் போன கையின் சிக்கனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், என்னிடம் வந்த ஒரு கைப்பிரதி. கௌதமன் என்ற பெயரைப் பிளந்து, கொம்பை அரண்மனை வாசலாகவும் தனியே விடப்பட்ட ளவை யசோதரையாகவும் ஆக்கியிருந்தார் கவிஞர். பக்கத்தில் எழுத்துக்கள் சிதறி நிற்கும் விதம் கெட்டிக்காரத்தனமாகவே இருந்தது. ள அங்கே ளவே அல்ல என்று நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. சீனத்தைத் தப்பாகப் படித்தே பவுண்ட் நல்ல வரிகளை எழுதியிருக்கிறார். அவை சீனம் தெரியாதவனிடத்திலும் ஆங்கிலத்தில் தாமாகவே நிற்கின்றன. என் ஆட்சேபம் வேறு. கௌ என்று படிக்கிற காதில் பிளவே இல்லை, ஓர் ஒலிதான் விழுகிறது. யசோதரையின் துயரம் முழுவதையும் அச்சுக்கோப்பவர் ளவைச் சின்னதாகப் போடுகிறாரா பெரிதாகப் போடுகிறாரா என்பதில் தொங்கவிட்டிருக்கிறார் கவிஞர். எல்லா இடத்திலும் 'கவுதமன்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். வாசல் என்ற சொல்லும் இரவு என்ற சொல்லும் மிஞ்சின.