வளைவில் தெரியும் கார்வேரின் அருமை

1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே ஆண்டு செவ்ரலே கார்வேருக்கோ ஒரு வக்கீலே தேவைப்படுகிறார். இரண்டையும் சில வாரங்கள் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகு, கார்வேருக்கு முழுமனதோடு வக்காலத்து வாங்குகிறேன்.

விர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 45 மைல். பழைய கார்களுக்கு அது போதும். 289 வி8 எஞ்சின் கொண்ட மஸ்டாங் ஏற்றத்தில் சிரமமில்லாமல் ஏறுகிறது; அந்த உறுமல் அலுப்பதே இல்லை. ஆனால் வளைவு வந்ததும் முன்பாரம் தெரிகிறது. பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங்கும் ஒற்றை ஆக்சிலும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சேர்ந்து அசைகிறது.

கார்வேரின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கிறது. முன்னே பாரம் குறைவு என்பதால், பவர் ஸ்டியரிங் இல்லாமலே லேசாகத் திரும்புகிறது. 1965இல் பின்சக்கரங்களுக்கு முழுக்கத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். அதன் பலன் வளைவின் நடுவே ஒட்டுப்போட்ட தாரில் புரிகிறது: உள்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, கார் பிடித்த கோட்டை விடுவதில்லை. அந்த நிதானத்துக்காகவே இன்னொரு வளைவு வராதா என்றிருக்கும்.

பெட்ரோல் போட நிறுத்தினால் போதும், "ஆபத்தான கார் ஆயிற்றே!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கார் பாதுகாப்புக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகம்தான் அந்தப் பேச்சுக்குக் காரணம்; ஆனால் அது கண்டித்தது 1960 முதல் 1963 வரை வந்த கார்வேர்களின் பின் ஆக்சிலை. புத்தகம் வெளிவந்தபோது அந்த அமைப்பே மாறியிருந்தது. பழைய மாடலும் அக்காலத்துப் பிற கார்களைவிட மோசமில்லை என்று 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வே சொன்னது. அதற்குள் 1969இல் உற்பத்தி நின்றுபோயிருந்தது. நல்ல கார் ஒன்று, தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தது.

குறைகள் உண்டு. எஞ்சினில் செங்குத்தாகக் கிளம்பும் ஃபேன் பெல்ட், திரும்பிப் படுத்துத்தான் விசிறியைச் சுற்றுகிறது. அது அறுந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். உடனே நிறுத்த வேண்டும். மாற்று பெல்ட்டும் ஸ்பானரும் டிக்கியில் இல்லாமல் கிளம்பவே கூடாது. புஷ்ராடு குழாய்களின் பழைய சீல்கள் கசிந்தால், ஹீட்டர் வழியே எண்ணெய் வாடை உள்ளே வரும். வெப்பம் தாங்கும் புதிய சீல்கள் கிடைக்கின்றன, அவசியம் மாற்றுங்கள்.

சேர்த்து வைத்துப் பின்னாளில் விற்பதானால் மஸ்டாங்தான் சரி. முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது, வாங்க ஆளுக்கும் பஞ்சமில்லை. வாங்குமுன் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரங்களில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; கால் வைக்கும் இடம் நனைந்தால் உள்ளே துரு, செலவு பெரிது. ஓட்டுவதற்கென்றே வாங்குபவர் 1965 அல்லது அதற்குப் பிந்தைய கார்வேரைத் தேடட்டும். மஸ்டாங்கைவிடக் குறைந்த விலைக்கு, மஸ்டாங்கைவிட நன்றாக வளையும் கார் கிடைக்கும்.