புன்னை நிழலில் ஒரு மறுப்பு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலை நாடிச் செல்பவர்களிற் பெரும்பாலோர் மாமல்லபுரத்துக் கல்லைக் கண்டு களித்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு வடக்கே அதே கரையில், காலவ முனிவரின் 360 கன்னிகைகளை நாளுக்கு ஒருத்தியாக வராஹமூர்த்தி மணந்தருளினார் என்று தலபுராணம் கூறும் திருவிடந்தையில், கழுத்தில் மாலையுடன் தங்கள் விவாகத்துக்காக ஊரறியப் பிரதக்ஷிணம் வரும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம், ஊரறியாத காதலையே கவிதைப் பொருளாகக் கொண்ட நம் பழைய நெய்தற் புலவர்களின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது.

அவர்கள் பாடியது இந்தக் கரையைத்தான் என்று சாதிக்க நான் துணியவில்லை. ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனாரின் உள்ளம் தோய்ந்த தொண்டி மேலைக் கடற்கரையைச் சேர்ந்தது. ஆனால் புன்னையும் தாழையும் இரு கரைக்கும் பொது. மேலும், அகப்பாட்டில் காதலர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதியாதலால், எந்தக் கரையினரும் அவர்களைத் தம்மவராகப் பாவித்துக்கொள்ளத் தடையில்லை.

களவின் ரஸம் மறைவிலே இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். எனக்கோ, மறைக்கவேண்டிய நிர்ப்பந்தத்தால் நேரே வர இயலாத சொல், வேறு வழியாகச் சுற்றி வந்து சேரும் நயத்திலேதான் அது இருப்பதாகத் தோன்றுகிறது. நற்றிணை 172-ஆம் பாட்டைப் பாருங்கள். பகலில் புன்னையடியில் சந்திக்க வந்த தலைவனிடம் தோழி பேசுகிறாள்: சிறுமியராக விளையாடிய நாளில் மணலில் அழுத்தி மறந்துபோன விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் பெய்து வளர்த்தோம், உங்களைவிட இதுவே சிறந்தது, இது உங்கள் தங்கை என்று அன்னை சொன்னாள், ஆகவே இதன் நிழலில் உம்மோடு சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறது, நிழல் வேறு எங்கும் இல்லாமலா போயிற்று? மணம் என்ற பேச்சே அதில் எழவில்லை. இனிச் சந்திப்பு இல்லை என்ற கடுமையும் இல்லை. எனினும் ஒரு மரத்துக்குத் தங்கை முறை கற்பித்த மாத்திரத்தில், குடும்பம் முழுவதையும் அந்த ஏகாந்தத்துக்குள் அழைத்து வந்து நிறுத்திவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி! புரிந்துகொள்ளாத தலைவனாயின் அவனுக்குப் பெண் கொடுப்பதே பாபம்.

இதே சாமர்த்தியத்தின் மறுபக்கம், வேலிக்கு அப்பால் தலைவன் நிற்பதை அறிந்தும் அறியாதவள்போல் தலைவியிடமே பேசுவது. கேட்கவேண்டியவன் ஒருவன், முகம் பார்த்துப் பேசப்படுபவள் வேறொருத்தி. சிறைப்புறம் என்று உரைகாரர் குறிக்கும் இந்த உத்தியில் தமிழ்க் கவிகள் அடைந்த தேர்ச்சி அலாதியானது.

களவு இரண்டு திங்களுக்கு மேல் நீடிக்கலாகாதென்று இறையனார் களவியல் எல்லை கட்டியதும் இந்தப் பேச்சுக்கு அவசரத்தின் சுவையைத் தருகிறது. பின்னாளில், திருக்கோவையாரின் அடியொற்றி நானூறு நானூறாகத் துறை வகுத்துப் பாடிய கோவைக்காரர்களிடம் களவு ஒரு சடங்காகிவிட்டது. அடுத்து யார் வந்து என்ன சொல்வார் என்பதைப் படிப்பவன் முன்கூட்டியே அறிந்துவிடுவதால், அங்கே தோழிக்குப் பேச்சு மட்டுமே உண்டு, வேலை இல்லை.