வேதநாயகம் பிள்ளையின் கதைக்கொள்கை: ஒரு சமணன் நோக்கில்

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), கத்தோலிக்கர், மாவட்ட முன்சீப். திருவருள் மாலை, தேவமாதா அந்தாதி என்று தம் சமயத்துக்கும் நூல் செய்தவர். ஆனால் நாவலில் வருகிற பிரதாப முதலியாரும் ஞானாம்பாளும் இந்துக் குடும்பத்தார். மதமாற்றம் அந்தக் கதையின் பொருளும் அன்று. அப்படியானால் அவருடைய விசுவாசம் கதையில் எங்கே இருக்கிறது? இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். கல்லாவில் உட்கார்ந்து படித்த படிப்புதான். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கன்னட நாட்டில் பிழைக்கிற நமக்குப் பம்பனைத் தெரியும். அவர் சமணர். 941இல் ஆதிபுராணம் பாடியவர். பாரதக் கதையை ‘விக்கிரமார்ஜுன விஜயம்’ என்றும் பாடினார். ஒன்றில் ஜினாகமத்தையும் மற்றொன்றில் உலகியலையும் விளக்கியதாக அவரே பிரித்துச் சொல்கிறார். வேதநாயகரும் இதே வழியில் போனவர். அந்தாதி கோயிலுக்கு, நாவல் ஊருக்கு. ஏடு இரண்டானாலும் எடைக்கல் ஒன்றுதான்.

முன்னுரை சொல்வது

நாவலின் முன்னுரையில் தம் நோக்கத்தை அவரே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். தமிழில் உரைநடை நூல் இல்லாத குறையைத் தீர்க்க வேண்டும். நீதிநூல் (1859) முதலியவற்றில் செய்யுளாகச் சொன்ன நீதிகளைக் கதையால் விளக்க வேண்டும். முதன்மை மாந்தரைக் குற்றமற்றவர்களாகவே படைத்தேன், இது ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்துக்கு இசைந்தது என்றும் எழுதுகிறார்.

ஆக அவருடைய விசுவாசம் கதையின் பெயர்ப்பலகையில் இல்லை. மாந்தரின் நடத்தையை எடைபோடும் நிறைகோலாக இருக்கிறது. வழக்காடுகிறவனுக்குப் புரியாத ஆங்கிலத்தில் வழக்கு நடப்பதை நாவலுக்குள் அவர் கண்டிக்கிறார் பாருங்கள், அதுவும் இந்த நிறைகோல்தான். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை 1862இலேயே ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று தமிழில் தந்தவருக்கு, ஏழைக்குத் தீர்ப்பு விளங்க வேண்டும் என்பது அறத்தின் பாற்பட்டது.

எங்கே இடறுகிறது?

இதுவரை நான் அவர் கட்சி. குற்றமற்ற மாந்தர் என்ற கொள்கையில்தான் உடன்பட முடியவில்லை. ஜான்சன் 1750இல் எழுதிய கட்டுரையில், கதையில் நிறைவான நற்குணத்தைக் காட்டு என்றவர், அது மனிதரால் எட்டக்கூடியதாக, நம்பும்படி இருக்கட்டும் என்றும் வரம்பு கட்டினார். வேதநாயகர் முதல் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டார். அதனால் ஞானாம்பாள் பல இடங்களில் பேசுகிற நீதிநூலாக நிற்கிறாள். கதை நின்று பிரசங்கம் நடக்கிறது.

நாவல் உயிரோடிருப்பது கொள்கை சற்றே அசந்த இடங்களில்தான். செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட சிறுவன் பிரதாபன் பாடம் படிக்க மாட்டான். அவனுக்குப் பதில் கனகசபை அடி வாங்குவான். சிரிக்கிறோம், உடனே நெஞ்சில் சுருக்கென்கிறது. பணக்காரன் பிழைக்கு ஏழை முதுகு என்ற நீதி, யாரும் சொல்லாமலே இறங்கிவிடுகிறது. பத்துப் பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு காட்சி செய்கிறது.

எங்கள் நூல்களில் குற்றமே கதையின் வித்து. யசோதர காவியத்தில் அரசன் பலியிட்டது மாவால் செய்த கோழியைத்தான். ஆனாலும் கொல்லும் எண்ணம் இருந்ததால் பிறவிதோறும் அலைகிறான். சீவகன் இன்பமெல்லாம் துய்த்த பிறகே துறக்கிறான். நிறைவு கடைசியில் வருவதால் வழி நெடுகக் கதை ஓடுகிறது. வேதநாயகரின் ஞானாம்பாள் முதலிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு நடப்பதற்கு வழி ஏது?

யானை இட்ட மாலை

ஆனால் அவருக்குள் இருந்த கதைசொல்லி கொள்கையை விடப் பெரியவர். ஆண்வேடத்தில் இருக்கும் ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் விக்கிரமபுரிக்கு அரசனாகிறாள். யானை அரசனைத் தேர்ந்தெடுப்பது சமணக் கதைகளில் பழகிய செய்தி. கரிகாலனைக் கழுமலத்து யானை தேர்ந்ததைச் சொல்லும் பழமொழி நானூறும் சமணர் செய்ததே. கிறித்தவர் எழுதிய கதைக்குள், இந்துப் பெண் கழுத்தில், எங்கள் பழங்கதை யானை மாலையிடுகிறது! யார் வீட்டுச் சொத்து என்று கேட்டு அவர் அதை எடுக்கவில்லை. தமிழில் கிடந்தது, எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்துப் பெரியோர் பழகியதும் இப்படித்தான். சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கத்தோலிக்க நண்பர் மீது குளத்தூர்க் கோவை பாடினார். அவருடைய மாணாக்கர் உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

இன்று நாம் ‘கிறித்தவத் தமிழ்’, ‘சமணத் தமிழ்’ என்று தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கிறோம். அந்தந்தத் தட்டுக்கு அந்தந்த வீட்டார் மட்டுமே போகிறார்கள். சமயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவையை மட்டும் படியுங்கள் என்பாரும் உண்டு. அதுவும் எனக்குச் சம்மதமில்லை. வினைக்கொள்கை தெரியாமல் மாக்கோழியின் பாவம் விளங்காது. அதுபோல, கடவுளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நம்பிய முன்சீப்பை மறந்துவிட்டால் பிரதாப முதலியாரின் நீதியும் விளங்காது. அவர் நம்பிக்கையை அறிந்து, அவரோடு வாதாடியும் படிக்க வேண்டும். வெளியூரில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். கனகசபை அடிவாங்கும் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தால் அவர்களும் ஆர்வத்தோடு கேட்பார்கள்.