நம்மை நோக்கி உயர்ந்த கோப்பை

அச்சுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்டதைத்தான் சொல்வார்கள். குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத அவருக்கு நேரமில்லை. 1840இல் தொடங்கிய, ஒரு பென்னிக்கே கடிதம் அனுப்பும் தபால் முறைக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆக, குவிந்ததில் அவருக்கும் பங்கு உண்டு! எல்லோருக்கும் ஒரே அட்டையாக அனுப்ப, ஓவியர் ஜான் கால்காட் ஹோர்ஸ்லியிடம் படம் கேட்டார்.

அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடி படர்ந்த மரச்சட்டம் அட்டையை மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் பசித்தவருக்குச் சோறு, மறுபக்கம் இல்லாதவருக்கு உடை. (நிர்வாண மாடல்களை வைத்து வரைவதைப் பின்னாளில் கடுமையாக எதிர்த்தவர் இதே ஹோர்ஸ்லி. உடை விஷயத்தில் மனிதர் எப்போதும் கறார்தான்.) நடுவில் மூன்று தலைமுறை கூடிய விருந்து. ஒரு பெண் சின்னக் குழந்தைக்குக் கோப்பையிலிருந்து புகட்டுகிறாள். பிள்ளைக்கு மதுவா என்று மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

அந்தச் சண்டையில் பெரியவர்களின் கைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அவர்கள் கோப்பையை உயர்த்துவது அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்காக. விருந்துக்கு வர முடியாதவருக்கும் அந்த மேசையில் ஓர் இடம் போட்டாயிற்று. பெறுபவர் பெயரும் அனுப்புபவர் பெயரும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பெயர் ஏறினால்தான் படம் முடிகிறது.

கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டியவை ஏறத்தாழ ஆயிரம். விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு கடிதங்களுக்கான தபால் செலவு. ஏழைக்கு இரங்கச் சொன்ன அட்டையை ஏழையால் வாங்க முடியாது.

பிறகு வண்ணக் கல்லச்சு வந்து விலை இறங்கியது. பனியும் ராபின் குருவியும் அட்டைகளை நிறைத்தன. குடும்பம் திரும்பி வந்தது கேமராவோடு. 1903இல் கோடக் அஞ்சலட்டை அளவிலேயே படமெடுக்கும் மடக்குக் கேமராவை விற்கத் தொடங்கியது. வாசற்படியில் வரிசையாக நிற்கும் தங்கள் வீட்டாரையே அமெரிக்கர்கள் தபாலில் அனுப்பினார்கள். இன்று எல்லோரும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டுச் சிரிக்கிறார்கள். "எங்களைப் பாருங்கள்" என்பதோடு பல அட்டைகள் நின்றுவிடுகின்றன. பேனாவால் எழுதிய ஒரு வரி இருந்தால் போதும், எனக்கு அது நல்ல அட்டை.

கோலின் அட்டை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முதல் இயக்குநரும் அவரே. படம் இணையத்தில் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.