ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள்

பைடார்ச்சின் அதிகாரபூர்வ எடுத்துக்காட்டுகளில், இமேஜ்நெட் தரவைக் கொண்டு மாடலைப் பயிற்றும் பைத்தான் நிரல் ஒன்று உண்டு. அதில் பேட்ச் அளவு ஆப்ஷனின் இயல்பு மதிப்பு 256. இது அந்தக் கணினியில் உள்ள எல்லா ஜிபியுக்களுக்குமான மொத்தம் என்று உதவிக்குறிப்பு சொல்கிறது. கட்டளை வரியைப் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகம் படித்து முடித்த பிறகு, ஜிபியுவுக்கு ஒரு பிராசஸ் ஓடும் முறையில், நிரல் அந்த எண்ணை ஜிபியு எண்ணிக்கையால் வகுத்து அதே பெயரிலேயே எழுதிவிடுகிறது. 8 ஜிபியு இருந்தால், ஆர்க்ஸ்.பேட்ச்_சைஸ் இனி 32.

இந்தத் திருத்தம் தேவையானதுதான். ஆர்க்பார்ஸ் ஒவ்வொரு ஆப்ஷனையும் பெரும்பாலும் தனித்தனியாகவே பார்க்கும். அது எண்ணா, அனுமதித்த மதிப்புகளில் ஒன்றா என்று சோதிக்கும். கணினியில் எத்தனை ஜிபியு இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. வகுத்துப் போடும் வேலையைப் பயனர் தலையில் கட்டினால், கணினி மாறும்போதெல்லாம் கட்டளையும் மாற வேண்டியிருக்கும்.

பிழை, பழைய மதிப்பின் மேலேயே எழுதுவதில் இருக்கிறது. மேலே மொத்தத்தைக் குறித்த பெயர் கீழே ஒரு ஜிபியுவின் பங்கைக் குறிக்கிறது. நடுவில் உள்ள ஒரு ஃபங்ஷனை மட்டும் படிப்பவருக்கு எது என்று தெரிய வழியில்லை. 3 ஜிபியு இருந்தால் 256 வகுபடாது. பின்னம் வெட்டப்பட்டு 85 ஆகிறது, மொத்தம் 255. தரவை ஏற்றும் வொர்க்கர்களின் எண்ணிக்கையோ அங்கேயே மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பயனரிடம் யாரும் சொல்வதில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது சேமிப்பு. சோதனையை மறுபடி ஓட்டுவதற்காக ஆர்க்ஸ் முழுவதையும் கோப்பில் எழுதிவைப்பது நல்ல வழக்கம். 8 ஜிபியு கணினியில் திருத்திய பின் எழுதினால் கோப்பில் இருப்பது 32. அதைக் கொண்டு மீண்டும் ஓட்டினால் 32 இன்னொரு முறை வகுபட்டு 4 ஆகும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. பயிற்சி மட்டும் வேறொன்றாகிவிடும்.

இன்னொரு சிக்கல்: ஒரு மதிப்பு பயனர் தட்டச்சு செய்ததா, இயல்பாக வந்ததா என்பதை ஆர்க்பார்ஸ் தரும் பொருள் சொல்லாது. அவர் வேண்டுமென்றே கொடுத்ததையும் நிரல் மாற்றிவிடலாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி இதில் ஒழுங்காக நடந்துகொள்கிறது. கோப்புப் பட்டியல் கொடுக்கும் ஃபைல்ஸ்-ஃப்ரம் ஆப்ஷன் வேறு சில ஆப்ஷன்களைத் தானே இயக்குகிறது; ஆர்க்கைவ் ஆப்ஷன் வழக்கமாகத் தரும் உள்கோப்புறை நகலையும் நிறுத்திவிடுகிறது. இந்தக் கடைசி விளைவு புதியவரைத் திகைக்க வைக்கும். ஆனால் மாறுபவை இயல்பு நிலைகள் மட்டுமே, பயனர் வெளிப்படையாகக் கேட்டால் அதுவே நிற்கும், எழுதும் வரிசையாலும் விளைவு மாறாது என்று அதன் கையேடு தெளிவாகச் சொல்கிறது. பைத்தானிலும் இயல்பு மதிப்பை, ‘மதிப்பு இல்லை’ என்று பொருள்படும் நன் என வைத்து, பயனர் தொடாத இடத்தை மட்டும் பின்னர் நிரப்பலாம்.

ஒருமுறை ஓட்டி எறியும் சின்ன ஸ்கிரிப்டில் மேலெழுதுவதை நான் குறை சொல்லமாட்டேன். பலர் கைபடும் நிரலில், கேட்ட மதிப்பைத் தொடாமல் வைத்து, கணக்கிட்டதற்கு வேறு பெயர் கொடுக்க வேண்டும். பெயர்கள் கூடும், வரிகள் நீளும், பரவாயில்லை. பைத்தான் 3.7 முதல் உள்ள டேட்டாகிளாஸை உறைநிலையில் பயன்படுத்தினால், யாராவது மறந்து மேலெழுதும்போது நிரலே தடுக்கும். 256 மூன்றால் வகுபடாதபோது வெட்டிவிட்டு ஓடுவதற்குப் பதில், பார்சர்.எரர் வழியே காரணத்தைச் சொல்லிப் பயிற்சி தொடங்கும் முன்பே நின்றுவிடலாம்.